யார் உயர்திணை? அண்டிரிக் அடிகளாரின் வாழ்க்கை



புழல் என்றதும் சென்னையில் உள்ளவர்களுக்கு இரண்டு நினைவுக்கு வரும். ஒன்று, நம் வீடுகளுக்குக் குடிநீர் தரும் ஏரி. மற்றொன்று, மத்திய சிறை. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே இருந்த பழைய சிறை 2006ஆம் ஆண்டு மூடப்பட்டு, கைதிகள் புழலுக்கு மாற்றப்பட்டார்கள். அந்த மதிலுக்குள் தமிழரும் இருக்கிறார்கள், வடநாட்டவரும் இருக்கிறார்கள், ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்து சிக்கிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். உள்ளே போன நாளிலேயே ஒருவருக்கு எண் கொடுக்கப்படுகிறது. பெயர் மெல்லப் பின்னுக்குப் போய்விடுகிறது. வெளியே மனு போட்டுவிட்டுக் காத்திருக்கும் தாய்க்கு மட்டும் அவர் இன்னும் பெயருள்ள பிள்ளை.

நம் வீட்டுப் பேச்சையும் சற்றுக் கவனித்துப் பார்ப்போம். தொட்டிலில் கிடக்கும் குழந்தையைப் பற்றி, அது தூங்குது என்கிறோம். அதில் பாசம் இருக்கிறது. வீட்டு வேலைக்கு வரும் பெண்ணைப் பற்றியும், அது இன்னைக்கு வரலை என்கிறோம். அதில் என்ன இருக்கிறது? ஒரே சொல்தான். ஆனால் சொல்கிற மனது வேறு. ஒருவரை நாம் எந்த வகுப்பில் வைத்திருக்கிறோம் என்பதை நம்முடைய நாக்கு நமக்குத் தெரியாமலே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இதைச் சிந்திக்கும்போது, நம் மொழியைக் கற்க நம் கடற்கரைக்கு வந்து, இங்கேயே வாழ்ந்து, இங்கேயே அடக்கம் செய்யப்பட்ட ஒரு குருவின் வாழ்க்கை நினைவுக்கு வருகிறது. அவர் இயேசு சபையைச் சேர்ந்த என்றிக்கே என்றிக்கஸ். தமிழ் மக்கள் அன்போடு வைத்த பெயர் அண்டிரிக் அடிகளார். தமிழ் அச்சின் தந்தை என்று பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த பெயர்தான். ஆனால் அச்சுக்கு முந்தைய அவருடைய கதை நம்மில் பலருக்குத் தெரியாது.

ஒதுக்கப்பட்ட இளைஞர்

அண்டிரிக் 1520ஆம் ஆண்டு போர்ச்சுக்கல் நாட்டின் விலா விசோசா என்ற ஊரில் பிறந்தார். அவருடைய முன்னோர் யூதர்கள், பிறகு கிறிஸ்தவர்களானவர்கள். அக்காலத்தில் அப்படிப்பட்ட குடும்பத்தாருக்குப் புதுக் கிறிஸ்தவர் என்று பெயர். திருமுழுக்குப் பெற்று எத்தனை தலைமுறை ஆனாலும் அந்தப் பெயர் அவர்களை விடவில்லை. பழைய கிறிஸ்தவர் ஒரு வகுப்பு, புதுக் கிறிஸ்தவர் வேறு வகுப்பு.

இளைஞர் அண்டிரிக் முதலில் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார். அவருடைய பிறப்பு தெரியவந்ததும் சபையிலிருந்து அனுப்பப்பட்டார். படிப்பில் குறை இல்லை, ஒழுக்கத்தில் குறை இல்லை. இரத்தத்தில் குறை என்றார்கள். வேறொருவராக இருந்தால் மனம் கசந்து போயிருப்பார். அவரோ கோயிம்பிரா பல்கலைக்கழகத்தில் திருச்சபைச் சட்டம் படித்தார். 1545இல், தொடங்கி ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்த இயேசு சபை அவரை ஏற்றுக்கொண்டது. மறு ஆண்டே கப்பலேறிக் கோவாவுக்கு வந்தார். 1547இல் புனித சவேரியார் அவரை முத்துக்குளித்துறைக்கு அனுப்பிவைத்தார்.

வேம்பாறு, வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடு என்று நீளும் அந்தக் கரையில் பரதவ மக்கள் 1535ஆம் ஆண்டை ஒட்டி ஆயிரக்கணக்கில் திருமுழுக்குப் பெற்றிருந்தார்கள். ஆனால் அவர்களுடைய மொழியில் அவர்களோடு பேச ஆள் இல்லை.

ஒரு சொல் செய்த பிழை

சவேரியார் 1542இல் அங்கே வந்தபோது, சிறிது போர்ச்சுக்கீசியம் தெரிந்த ஊர்க்காரர்களை உட்காரவைத்துச் செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, மணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். எத்தனை பெரிய உழைப்பு! ஆனால் பிறகுதான் அவருக்கே தெரிந்தது: விசுவாசப் பிரமாணத்தில் நம்புகிறேன் என்று வரவேண்டிய இடத்தில் வேணும் என்ற சொல் புகுந்திருந்தது. நம்பிக்கை அறிக்கை, கேட்டு வாங்கும் பேச்சாக மாறிப்போயிருந்தது. உடனே அதைத் திருத்தும்படி உடன் உழைத்த மான்சிலாஸ் என்பவருக்கு எழுதினார்.

இது சவேரியாரின் குறை அன்று. மொழிபெயர்ப்பாளரின் தோளில் ஏறி நடப்பவர்கள் எல்லாருக்கும் நேர்வதுதான். அண்டிரிக் அடிகளாரும் முதலில் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டுதான் பணி செய்தார். தமிழைக் கற்கத் தொடங்கினார், கடினமாக இருந்தது, நடுவில் விட்டுவிட்டார். பிறகு மீண்டும் பிடித்துக்கொண்டார். இம்முறை ஒரு வழி கண்டார். சொற்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்வதை விட்டு, சொல் எப்படி மாறுகிறது என்பதைக் கவனித்தார். பெயர் எப்படி வேற்றுமை ஏற்கிறது? வினை எப்படிக் காலம் காட்டுகிறது? யார் செய்தார் என்பது வினையின் எந்த இடத்தில் தெரிகிறது? இலத்தீன் இலக்கணத்தைக் கைவிளக்காக வைத்துக்கொண்டு பரதவரின் அன்றாடப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எழுதினார். 1549ஆம் ஆண்டை ஒட்டி அவருடைய தமிழ் இலக்கணம் உருவாகத் தொடங்கியது. ஐரோப்பியர் ஒருவர் தமிழுக்கு எழுதிய இலக்கணங்களில் நமக்குக் கிடைத்திருப்பவற்றுள் அதுவே முதலாவது. அவர் வாழ்நாளில் அது அச்சேறவில்லை. கையெழுத்துப் பிரதி லிஸ்பன் தேசிய நூலகத்தில் உறங்கியது. 1982இல் அது பதிப்பிக்கப்பட்டது. 2013இல் ஆங்கில மொழிபெயர்ப்பும் வெளிவந்தது.

முடிவில் தெரியும் மனிதர்

இலத்தீன் படித்த ஒருவருக்குத் தமிழில் ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. இலத்தீனில் உயிரற்ற பொருள்களும் ஆண், பெண் என்று பிரிந்து நிற்கும். சூரியன் ஆண், மேசை பெண். போர்ச்சுக்கீசியத்திலும் அப்படித்தான். தமிழோ வேறு விதமாகப் பிரிக்கிறது. முதல் கேள்வியே, இது பகுத்தறிவுள்ள உயிரா, இல்லையா என்பதுதான். ஆம் என்றால் உயர்திணை. இல்லை என்றால் அஃறிணை. உயர்திணையில் ஆண்பால், பெண்பால், பலர்பால். அஃறிணையில் ஒன்றன்பால், பலவின்பால். தொல்காப்பியம் வகுத்த வழி இது. இந்த வேறுபாடு சொல்லின் முடிவில் தெரிகிறது. வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தன. தமிழில் ஒரு வாக்கியத்தை முடிக்கவேண்டுமானால், யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவர் மனிதரா, பொருளா என்று முதலில் தீர்மானித்தாக வேண்டும்.

நன்னூல் இதில் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறது. மக்களும் தேவரும் மட்டுமல்ல, நரகரும் உயர்திணையே என்கிறது. எண்ணிப் பார்க்கவேண்டிய விதி இது. நரகத்தில் கிடப்பவரைக்கூட நம் இலக்கணம் அஃறிணைக்குத் தள்ளிவிடவில்லை. அப்படியிருக்க, புழல் மதிலுக்குள் இருப்பவரை நாம் எந்தத் திணையில் வைத்துப் பேசுகிறோம்?

கடலுக்கு அப்பால் ஆப்பிரிக்காவில்

அண்டிரிக் வாழ்ந்த காலத்தில் கோவாவில் இருந்த இயேசு சபை மாநிலத் தலைவரின் ஆளுகை ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையிலிருந்து ஜப்பான் வரை பரந்திருந்தது. 1556 முதல் 1559 வரை அப்பொறுப்பில் இருந்தவர் கொன்சாலோ த சில்வேரா. அதாவது, நம் அண்டிரிக் அடிகளாருக்கு மேலாளர். அவர் 1560இல் மொசாம்பிக் கரைக்குச் சென்றார். அங்கிருந்து உள்நாட்டில் மொனோமொட்டாப்பா அரசனின் அவைக்குப் போய், மொழிபெயர்ப்பாளரின் உதவியோடு போதித்து, சில வாரங்களில் அரசனுக்கே திருமுழுக்குக் கொடுத்தார். 1561 மார்ச் மாதம் அவர்மீது சந்தேகம் கிளப்பப்பட்டு அதே அரசனின் ஆணையால் கொல்லப்பட்டார். தம் உயிரையே தந்த அவருக்கு அந்த மக்களின் மொழியைக் கற்கக் காலம் வாய்க்கவில்லை.

அந்த நிலத்து மக்கள் பேசுவது பாண்ட்டு மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மொழி. ஆப்பிரிக்காவின் நடுவிலும் கிழக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ 500 மொழிகள் அக்குடும்பத்தில் உள்ளன. பாண்ட்டு என்ற சொல்லுக்குப் பொருளே மனிதர்கள் என்பதுதான். முண்ட்டு என்றால் ஒரு மனிதர். பாண்ட்டு என்றால் பலர். வில்லெம் பிளேக் என்ற ஜெர்மானிய அறிஞர் 19ஆம் நூற்றாண்டில் இச்சொல்லையே அந்தக் குடும்பத்துக்குப் பெயராக்கினார்.

தமிழில் திணை சொல்லின் முடிவில் தெரிகிறது என்றோம். பாண்ட்டு மொழிகளிலோ அது சொல்லின் தலையில் தெரிகிறது. அவற்றில் இரண்டு திணைகள் போதவில்லை. பத்துக்கும் மேற்பட்ட வகுப்புகள் உண்டு. மனிதருக்கு ஒரு முன்னொட்டு, மரத்துக்கு ஒன்று, கருவிக்கும் பொருளுக்கும் ஒன்று, மொழிக்கும் நாட்டுக்கும் தனித்தனி. நமக்குத் தெரிந்த ஓர் எடுத்துக்காட்டு உகாண்டா மறைச்சாட்சியர். 1886இல் உயிரோடு எரிக்கப்பட்ட புனித சார்லஸ் லுவாங்காவும் தோழர்களும் 1964இல் புனிதர்களாக உயர்த்தப்பட்டார்கள். அவர்கள் உயிர் நீத்த நாடு புகாண்டா. அந்நாட்டவர் ஒருவர் முகாண்டா, பலர் பகாண்டா, அவர்கள் மொழி லுகாண்டா. வேர் ஒன்றே. தலையில் இருக்கும் ஓர் அசை மாற, ஆளும் ஊரும் மொழியும் வேறுபட்டு நிற்கின்றன.

இன்னொரு அழகும் உண்டு. பெயர்ச்சொல்லின் தலையில் வரும் ஒட்டு, அதைத் தொடரும் சொற்களிலும் ஒலிக்கும். சுவாஹிலி மொழியில் இரண்டு நல்ல பிள்ளைகள் என்பதற்கு வத்தோத்தோ வசூரி வவீலி. இரண்டு நல்ல புத்தகங்கள் என்பதற்கு வித்தாபு விசூரி விவீலி. நம் செய்யுளில் மோனை வருவது போல, ஒவ்வொரு சொல்லும் தலைச்சொல்லுக்குத் தலையசைக்கிறது. போர்ச்சுக்கீசியக் கப்பல்கள் கொண்டுவந்த மேசா என்ற சொல் நம் கரையில் மேசை ஆயிற்று. அதே சொல் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலும் இறங்கி சுவாஹிலியில் மேசா என்றே நிற்கிறது. ஒரே கப்பல் வழி, இரண்டு கரைகள், ஒரே மேசை.

சுவாஹிலியில் பார்வையற்றவருக்குக் கிபோஃபு என்று பெயர். காது கேளாதவருக்குக் கிசிவி. இந்தக் கி என்னும் ஒட்டு பெரும்பாலும் பொருள்களுக்கு வருவது. பெயரை வைத்தவர்கள் உடற்குறையைப் பார்த்துவிட்டார்கள் போலும். ஆனால் அவர் வந்தார் என்று சொல்லும்போது வினைச்சொல் மனிதருக்குரிய ஒட்டையே ஏற்கிறது. பெயர் கீழே தள்ளினாலும் வாக்கியம் அவரைத் தூக்கி நிறுத்திவிடுகிறது. நம் தமிழ்நாட்டிலும் ஊனத்தைச் சொல்லியே ஆளைக் கூப்பிடும் வழக்கம் இருந்ததே!

அண்டிரிக் தமிழுக்குச் செய்ததை, ஆப்பிரிக்க மொழிகளுக்கு அவருக்குப் பின் வந்த துறவிகள் செய்தார்கள். இயேசு சபைக் குரு மத்தேயுஸ் கார்டோசோ கொங்கோ மொழியில் ஆக்கிய மறைக்கல்வி நூல் 1624இல் லிஸ்பனில் அச்சானது. இத்தாலியக் கப்புச்சின் துறவி ஜியாசிந்தோ புருசியோத்தோ அதே மொழிக்கு எழுதிய இலக்கணம் 1659இல் உரோமையில் வெளிவந்தது. பெயர்ச்சொற்களை அவற்றின் தொடக்கத்தை வைத்துப் பிரிக்கவேண்டும் என்று கண்டுகொண்டவர் அவரே. இயேசு சபையின் பேத்ரோ டயஸ், பிரேசிலுக்குப் பிடித்துச் செல்லப்பட்ட அங்கோலா அடிமைகளோடு பேசுவதற்காக எழுதிய இலக்கணம் 1697இல் அச்சானது.

அடிமைகள் என்ற சொல்லில் சற்று நிற்போம். போர்ச்சுக்கீசிய வணிகர்களின் கணக்குப் புத்தகத்தில் அந்த மனிதர்கள் இத்தனை உருப்படி என்று எழுதப்பட்டார்கள். தங்கள் மொழியில் பாண்ட்டு, அதாவது மனிதர்கள், என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்கள், கப்பலேறியதும் உருப்படிகள் ஆனார்கள். இது எங்கோ நடந்தது என்று எண்ணவேண்டாம். 17ஆம் நூற்றாண்டில், நம் புழலுக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டில் கோட்டை கட்டியிருந்த டச்சுக்காரர்கள், இந்தச் சோழமண்டலக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கான ஏழைகளை அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். பஞ்சத்தில் தம்மையும் பிள்ளைகளையும் விற்றுக்கொண்ட தமிழர்கள் அவர்களில் இருந்தார்கள். அவர்களின் மொழியைப் படிக்கவேண்டும் என்று நினைத்தவருக்கும், அவர்களை எண்ணிக் கப்பலில் ஏற்றவேண்டும் என்று நினைத்தவருக்கும் உள்ள தூரம் எவ்வளவு!

தமிழ் அச்சில் ஏறியது

மீண்டும் முத்துக்குளித்துறைக்கு வருவோம். 1549இல் வேதாளையில் அருட்தந்தை அந்தோணி கிரிமினாலி கொல்லப்பட்டார். அவர் இடத்துக்குத் தலைவராக உடன் பணியாளர்கள் தேர்ந்துகொண்டது அண்டிரிக்கை. பிறப்பால் ஆகாது என்று ஒரு சபை அனுப்பிவிட்டவரை, அந்தக் கரையின் குருக்கள் தலைவராக்கினார்கள். ஏறத்தாழக் கால் நூற்றாண்டு அப்பொறுப்பில் இருந்தார். புன்னைக்காயலில் ஏழைகளுக்கு மருத்துவமனை ஏற்படுத்தினார். கரையில் பணிபுரிய வந்த குருக்கள் தமிழ் கற்கவேண்டும், தங்களுக்குள்ளும் தமிழில் பேசிப் பழகவேண்டும் என்று ஒழுங்கு செய்தார்.

1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சிடப்பட்டது. 16 பக்கங்கள் கொண்ட சிறு நூல். இந்திய மண்ணில் இந்திய எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கும் முதல் நூல் அதுவே. மறு ஆண்டு நவம்பரில் கொச்சியில் கிரீசித்தியானி வணக்கம் அச்சானது. 1580இல் ஒப்புரவு அருட்சாதனத்துக்கான கொம்பெசியோனாயரு. 1586இல் புனிதர்களின் வரலாறு கூறும், 600க்கும் மேற்பட்ட பக்கங்கள் கொண்ட அடியார் வரலாறு. அதன் படி ஒன்று வத்திக்கான் நூலகத்தில் காக்கப்பட்டது. அருட்தந்தை ச. இராசமாணிக்கம் 1967இல் அதைத் தூத்துக்குடியில் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். 16ஆம் நூற்றாண்டில் கடற்கரை மக்கள் பேசிய உரைநடைத் தமிழ் எப்படி இருந்தது என்று இன்று தெரிந்துகொள்ள அந்த நூல்கள் நமக்கு உதவுகின்றன.

கடைசிச் சோதனை

அடிகளாருக்கு வயது 73 ஆகியிருந்தபோது ஐரோப்பாவிலிருந்து ஒரு செய்தி புறப்பட்டது. 1593இல் கூடிய இயேசு சபைப் பொதுப்பேரவை, யூத வழித்தோன்றல்களையும் முஸ்லிம் வழித்தோன்றல்களையும் இனிச் சபையில் சேர்ப்பதில்லை என்று ஆணையிட்டது. எந்தச் சபை அவரை ஏற்றுக்கொண்டதோ, எந்தச் சபைக்காக அவர் 48 ஆண்டுகள் உழைத்தாரோ, அதே சபை அவரைப் போன்றோர் வேண்டாம் என்று வாசலை மூடியது. 1608இல் அந்த ஆணை சற்றுத் தளர்த்தப்பட்டாலும், முழுதாக நீக்கப்பட்டது 1946இல்தான். யூதர்களை இலட்சக்கணக்கில் கொன்று குவித்த ஒரு போர் முடிந்த பிறகு.

இதை நாம் மறைக்கவேண்டியதில்லை. திருச்சபையின் மக்கள் தங்கள் சகோதரர்களை வகுப்புப் பிரித்த வரலாறு அது. அண்டிரிக் அடிகளார் தம் கரையை விட்டுப் போகவில்லை. 1600ஆம் ஆண்டு, ஏறக்குறைய 80ஆம் வயதில், புன்னைக்காயலில் உயிர் நீத்தார். உடல் தூத்துக்குடிக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. தமிழகக் கரையில் அவர் வாழ்ந்தது 53 ஆண்டுகள். சொந்த நாட்டில் எந்த இரத்தம் என்று கேட்டார்கள். இங்கே மக்கள் அவரைத் தங்கள் அடிகளார் என்றார்கள்.

சிந்திப்போம்

அன்பர்களே, மொழிகள் மனிதரைப் பிரிப்பதற்கு வகுப்புகளை வைத்திருக்கின்றன. அது குற்றமில்லை, வகைப்படுத்தாமல் பேசவே முடியாது. ஆனால் நம் தமிழும் ஆப்பிரிக்காவின் மொழிகளும் மனிதர் என்பதற்கு ஒரே வகுப்பைத்தான் வைத்தன. அதற்குள் பழையவர், புதியவர் என்றும், மேல், கீழ் என்றும் கோடு கிழித்தது இலக்கணம் அல்ல, நாம்தான். நம் ஊர்களில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் எழுப்பியவர்களும் செபம் சொல்லிக்கொண்டுதான் எழுப்பினார்கள்.

இந்த வாரம் ஒரு சிறு முயற்சி செய்து பார்ப்போம். நம் தெருவைப் பெருக்க வருபவர், கழிவுநீர் அடைப்பு எடுக்க வருபவர், புழல் சிறையிலிருந்து விடுதலையாகி வந்து வேலை கேட்பவர், கட்டட வேலைக்கு வந்திருக்கும் வடமாநில இளைஞர் ஆகியோரைப் பற்றி வீட்டில் பேசும்போது நம் வாக்கியம் எப்படி முடிகிறது என்று கவனிப்போம். வந்துச்சு என்று முடிகிறதா, வந்தார் என்று முடிகிறதா? அவர்களில் ஒருவருடைய பெயரையாவது கேட்டுத் தெரிந்துகொள்வோம். முடிந்தால் அவர் மொழியில் ஒரு வணக்கம் கற்றுக்கொள்வோம். அண்டிரிக் அடிகளாரும் ஒரு சொல்லில்தான் தொடங்கினார்.

செபிப்போம்: எல்லா மொழிகளிலும் மக்களை அழைக்கும் இறைவா, எங்கள் நாவிலிருந்து எவரையும் பொருளாக்கும் சொல்லை நீக்கும். ஒதுக்கப்பட்டும் கசந்துபோகாத அண்டிரிக் அடிகளாரின் பொறுமையை எங்களுக்குத் தாரும். மதிலுக்கு உள்ளே இருப்பவரையும் வெளியே இருப்பவரையும் பெயர் சொல்லி அழைக்கும் உள்ளத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.